கழுதை இல்லாத பெட்டி

மூன்றாம் குறுக்குத் தெருவில் வாங்கின குடில் பெட்டி.
மாதா, சூசையப்பர், பாலன்,
இடையர் இரண்டு பேர், ஆடு மூன்று, ஒரு மாடு.
கழுதைக்கென்று வெட்டியிருந்த பள்ளத்தில்
கழுதை இல்லை.

திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினேன்.
நியாஸ் நானா கல்லாவை விட்டு எழும்பாமல்
வேறொரு பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவி
ஒட்டகம் ஒன்றை எடுத்து நீட்டினார்.
"இதுக்கும் நாலு கால்தானே தங்கச்சி.
நாளையிண்டைக்கு நத்தார்.
இனிக் கழுதைக்கு நான் எங்க போற?"

மன்னார் ஆளிடம் கேட்கிற கேள்வியா இது!

கழுதையைத் தேடி யாரும் போகாத ஊர் எங்களது.
பஸ் நிலையத்தில் நிற்கும்.
தபாற்கந்தோர்ப் படியில் நிற்கும்.
லம்பேட்டின் சைக்கிள் கடை இறப்பின் கீழ்
காற்றடிக்க வந்ததுபோல் வரிசையில் நிற்கும்.
பாலம் தாண்டி வந்த பஸ்
எவ்வளவு ஹோர்ன் அடித்தாலும்
நடுறோட்டில் நின்று யோசிக்கும்,
பிறகும் விலகாது.

டிசம்பர் பிறந்தால்
மூங்கில் கீறி நட்சத்திரம் கட்டுவோம்.
ஒட்டுவதற்குக் காய்ச்சின மாப்பசையை
இரவில் எலி தின்னும்.
பிஸ்கற் தகரத்துக்குள் கேக்,
மேலும் கீழும் சிரட்டைத் தணல்.
ஒரு பக்கம் கட்டாயம் கருகும்.
கருகின பக்கம் கரோல் பாட வருபவர்களுக்கு.
அவர்கள் அதைத் தெரிந்துகொண்டுதான்
அவ்வளவு பிழையாகப் பாடினார்கள் போல.

எனக்குப் பத்து வயது. பள்ளிமுனைக் கோயில்.
நடுச்சாமப் பூசை, வெளியே கொட்டுகிற மழை.
வாலிபர் சங்கப் பெடியள்
குடிலில் கட்ட உண்மையான கழுதை கொண்டுவந்திருந்தார்கள்.
"உன்னதங்களிலே" தொடங்கவும்
அது தலையைக் குனிந்து,
நாங்கள் பன்னிரண்டு நாள் தண்ணீர் தெளித்து வளர்த்த
பயற்றம் முளைப் புல்லை
பெத்லகேமின் ஒரு மூலையிலிருந்து தின்னத் தொடங்கியது.
ஒருவரும் பாட்டை நிறுத்தவில்லை.
ஒருவரும் ஒழுங்காகப் பாடவுமில்லை.
பாலனின் காலடி வரைக்கும் தின்றுவிட்டு
பீடத்தைப் பார்த்து ஒருமுறை கத்தியது.
சுவாமி முகத்தைப் பூசைப் புத்தகத்தால் மறைத்தார்.
தோள் மட்டும் குலுங்கியது.

அடுத்த நத்தாருக்கு நாங்கள் மடுவில்,
தறப்பாளுக்குள்.
அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

இரவு அன்சலத்துக்குப் போன் எடுத்தேன்.
ஒட்டகக் கதையைச் சொன்னேன், சிரித்தான்.
"அந்தக் கழுதையை யாரடா பிடிச்சுக்கொண்டு வந்தது?
மொறாயஸின்ர மகனோ?"
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
அவன் பக்கத்தில் மழைச் சத்தம் கேட்டது.
"ஒருத்தரும் கொண்டுவரேல்லை அக்கா.
நான் வாசல் பக்கம் நிண்டனான்.
தானாத்தான் வந்தது. மழைக்கு ஒதுங்கினது.
செபஸ்தி அடிச்சுக் கலைக்கப் போக,
சுவாமி கண்ணால வேண்டாம் எண்டவர்."

முப்பத்தைந்து வருடமாக
கழுத்தில் கயிறு கட்டி
அதை நான்தான் இழுத்து வந்துகொண்டிருந்தேன்.

கொட்டாஞ்சேனை, மூன்றாம் மாடி.
அங்கேயும் லூசியம்மாள் கோயில், இங்கேயும்;
இங்கே மணி ஓசை ஆட்டோ ஹோர்னைத் தாண்டி வரவேண்டும்.
மகள் கழுதைப் பள்ளத்தில் ஒட்டகத்தை அழுத்திப் பார்க்கிறாள்.
கால் நுழையவில்லை.
"இது தூரத்திலிருந்து வருது," என்கிறாள்,
"இன்னும் வந்து சேரேல்லை."
குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் ஏற்றிவைக்கிறாள்.

ஐஸ்கிறீம் பெட்டி மூடிகளில் பயறு முளைத்திருக்கிறது,
இந்த முறை நான்கு மூடி.
குடிலுக்கு இரண்டு போதும்.
"மிச்சம் ஆருக்கு?" என்று கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல்
தண்ணீர் தெளிக்கிறேன்.
துறைமுகப் பக்கம் வானம் கறுத்து
மழை இறங்குகிறது.
கீழே படிக்கட்டுக் கதவை
யாரோ திறந்தே விட்டிருக்கிறார்கள்.